திருப்புட்குழியில் சொன்னது

செவிலிமேடு,
பிரபவ வருஷம் ஆனி 20

அண்ணாவுக்கு மரகதவல்லி சேவித்து எழுதுவது. நானும் குழந்தை ரமாமணியும் சுகம். மன்னி சுகமா? கோமளத்தின் கண்ணுக்குப் புது டாக்டர் என்ன சொன்னார்?

அவரைப் பற்றி முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை. காசம் என்று நிச்சயமாகச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மச்சினர் எங்களைச் சின்னக் காஞ்சிபுரத்து வீட்டிலிருந்து இந்தத் தோட்ட வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாலாற்றுக் காற்று நல்லது என்றுதான் சொன்னார். நாங்கள் வந்து ஒன்றரை மாதமாகிறது. அவர் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரவில்லை. அரிசி மட்டும் வருகிறது.

தம்பி கண் மூடுவதற்குள் ரமாமணிக்குக் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்று மச்சினர் இடம் பார்த்திருக்கிறாராம். திருமுக்கூடலில் ஒருவர், மனைவியை இழந்தவர். அவருடைய மூத்த மகன் நம் ரமாமணியைவிடப் பெரியவன். இதைக் கேட்டதிலிருந்து உங்கள் மாப்பிள்ளை சரியாகத் தூங்குவதில்லை. தன் பாதிச் சொத்தை எனக்கும் ரமாமணிக்கும் உயில் எழுதி வைத்துவிட்டால் நாங்கள் அவர் அண்ணா கையை எதிர்பார்க்காமல் இருக்கலாம், பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்று நானே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நீங்கள் வக்கீல். எப்படி எழுத வேண்டும் என்று சீக்கிரம் தெரிவிக்க வேண்டும்.

மன்னிக்கு என் நமஸ்காரம்.
தங்கை மரகதம்

*

மயிலாப்பூர்,
ஆடி 3

சௌபாக்யவதி மரகதத்துக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்து மனம் கலங்கினேன். பெருமாள் கைவிடமாட்டார்.

உயில் வாசகத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதன்படி நகல் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் மாப்பிள்ளை கையெழுத்துப் போடட்டும். ரிஜிஸ்திராரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்துவிடுங்கள். அது போதும். பிறகு அவர் நிம்மதியாக மருந்து சாப்பிடலாம்.

உன் மச்சினர் சக்ரவர்த்தியோடு எந்த மனஸ்தாபமும் வைத்துக்கொள்ளாதே. அவர் குடும்பத்தின் தலைவர், நல்ல மனிதர். அவருக்கு உயில் விஷயம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

கோமளத்துக்கு அந்தக் கண்ணில் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். அம்மைத் தழும்பைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள், கண்ணைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். மூன்றாவது இடமும் போய்விட்டது. உன் மன்னி பேசுவதே குறைந்துவிட்டது.

ரமாமணிக்கு என் அன்பு.
ஹயக்ரீவன்

*

செவிலிமேடு,
ஆடி 28

அண்ணாவுக்கு மரகதம் சேவித்து எழுதுவது. மன்னியும் கோமளமும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே அவருக்குச் சாயங்காலம் தவறாமல் ஜுரம் வருகிறது.

உயில் பதிவாகிவிட்டது. அன்றைக்கு அவர் ஒரு கவளம் சாதம் கூடச் சாப்பிட்டார். ரமாமணியைக் கூப்பிட்டுப் பாசுரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே தூங்கினார்.

நேற்று அவரோடு சேர்ந்து படித்த கலியாணசுந்தர முதலியார் பார்க்க வந்தார். இங்கே வக்கீலாக இருக்கிறார். உயிலைப் படித்துவிட்டு முகம் மாறினார். வெளியே வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணனும் தம்பியும் பாகம் பிரியாமல் இருக்காங்கம்மா. பிரியாத குடும்பத்துல ஒருத்தர் போயிட்டா அவர் பங்கு தானா அண்ணன்கிட்ட போயிடும். உயில் எழுத அவருக்குன்னு தனியா எதுவும் இல்ல. இது வெறும் காகிதம்மா."

வழி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். சொத்தை அளந்து பிரிக்கக்கூட வேண்டியதில்லையாம். 'நான் உன்னிடமிருந்து பிரிந்துவிட்டேன்' என்று இவர் தீர்மானித்து, அதை மச்சினருக்குத் தெரிவித்துவிட்டால் போதுமாம். அந்த நிமிஷத்திலிருந்து பாதிச் சொத்து இவருடையது, உயிலும் செல்லும். ஆனால் இவர் உயிரோடு இருக்கும்போதே அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இது சரிதானா அண்ணா? சரியென்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்காதே. அவசரத்தில் எழுத விட்டுப்போயிருக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உடனே பதில் போட வேண்டும்.

மரகதம்

*

செவிலிமேடு,
ஆவணி 18

அண்ணாவுக்குச் சேவித்து எழுதுவது. என் முன் கடிதத்துக்குப் பதில் இல்லை. அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

இரண்டு நாளாக இருமலில் ரத்தம் வருகிறது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறார். இனிமேல் காத்திருக்க முடியாது. கலியாணசுந்தர முதலியார் நோட்டீஸ் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். வருகிற வியாழக்கிழமை காலையில் முதலியாருடைய குமாஸ்தா சின்னக் காஞ்சிபுரத்து வீட்டுக்குப் போய் மச்சினர் கையிலேயே கொடுப்பார். தபாலில் ஒரு நகலும் போகும். இதை இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் ஒரு நாள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குத் தைரியம் வரும். என்னைவிட உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பவர் என்று உங்களுக்குத் தெரியும்.

மரகதம்

*

மயிலாப்பூர்,
ஆவணி 21

சௌபாக்யவதி மரகதத்துக்கு ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமம். கோர்ட்டில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

நோட்டீஸ் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ஒரு குடும்பத்தை உடைக்க ஒரு காகிதம் போதும், சேர்ப்பது கஷ்டம். முதலியார் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு நம் ஆத்து விஷயம் தெரியாது. நானே சக்ரவர்த்தியிடம் நயமாகப் பேசிப் பார்க்கிறேன். அதுவரை பொறு.

இப்போது வர முடியாத நிலையில் இருக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தைரியம் சொல்லு.

ஹயக்ரீவன்

*

செவிலிமேடு,
புரட்டாசி 2

அண்ணாவுக்குச் சேவித்து எழுதுவது. மன்னி, கோமளம் க்ஷேமத்துக்கு எழுத வேண்டும்.

வியாழக்கிழமை குமாஸ்தா போனபோது வீடு பூட்டியிருந்தது. மச்சினர், ஓர்ப்படி, பிள்ளை தேசிகன் எல்லோரும் முதல் நாளே திருப்புட்குழிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்களாம். நிலத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்களாம். இந்த மாதத்தில் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? தபாலில் போனதும் ஆள் ஊரில் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. குமாஸ்தா திருப்புட்குழிக்கே போனார். மச்சினர் திருமலை யாத்திரைக்குப் போயிருப்பதாக வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். உள்ளே அவர் குரல் கேட்டது என்கிறார் குமாஸ்தா.

வியாழக்கிழமை என்று நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு டாக்டரிடம் வற்புறுத்திக் கேட்டேன். பத்து நாளோ பதினைந்து நாளோ என்றார். ரமாமணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவிடம் போகாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்திருந்தாள்.

மச்சினரோடு பேச உங்களால் முடியும். அவர் எங்கே இருந்தாலும் உங்களைப் பார்ப்பார். எனக்காக இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைக்காக வாருங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

மரகதம்

*

செவிலிமேடு,
ஐப்பசி 2

அண்ணாவுக்கு மரகதம் எழுதுவது.

தந்தி கிடைத்திருக்கும். பதிமூன்று நாளும் நீங்கள் வரவில்லை. நடந்ததை ஒருவரிடமாவது முழுதும் சொல்ல வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

புரட்டாசி பதினான்காம் தேதி காலையில் அவர் தானாக எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வேஷ்டியும் திருமண் பெட்டியும் கொண்டு வா என்றார். திருப்புட்குழிக்குப் போய்த் தன் வாயாலேயே அண்ணாவிடம் சொல்லப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அழுதேன். "இங்கேயே படுத்துண்டு செத்தா நான் உனக்கும் குழந்தைக்கும் ஒண்ணுமே பண்ணலைன்னு ஆயிடும்" என்றார். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை.

அக்ரஹாரத்தில் ஒருவரும் வண்டி தரவில்லை. ராஜ வீதியில் நம் கட்டடத்தில் ஜரிகைக் கடை வைத்திருக்கிற அஹமது பாஷாவுக்குச் சொல்லியனுப்பினேன். புடவைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, வண்டிக்கார அக்பரை அனுப்பினார். முதலியார் செங்கல்பட்டுக்கு ஒரு வழக்குக்காகப் போயிருந்தார். அவர் திரும்பும் வரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. இவரும் நானும் அக்பரும்தான் போனோம். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. துணியெல்லாம் ரத்தம்.

திருப்புட்குழி வீதிக்குள் போனபோது மத்தியானம். எங்கள் வீட்டு வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். பெரிய கோலம் போட்டு, வாழை கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியாது. அவரால் இறங்க முடியவில்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். அக்பர்தான் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு, "நகருங்கபா, அவருக்கு மூச்சு முட்டுது" என்று கூட்டத்துக்குள் போனான்.

மச்சினர் வாசலுக்கு வந்தார். அக்பர் இவரைப் படியில் உட்கார வைத்துப் பின்னால் தாங்கிக்கொண்டான். இவர் இரண்டு கையையும் கூப்பினார். சத்தம் வராதோ என்று பயந்தேன். வந்தது. "அண்ணா, நான் உங்கிட்டேருந்து பாகம் பிரிஞ்சுட்டேன். இன்னிலேருந்து என் பாதி வேறே, உன் பாதி வேறே. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

மச்சினர் காதைப் பொத்திக்கொண்டார். "ஜுரத்துலே பிதத்தறான், யாரும் காதுலே போட்டுக்காதேங்கோ" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். இவர் மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது வாயில் ரத்தம் வந்துவிட்டது. மச்சினர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாய் தண்ணீர் கேட்டேன். எதிர்வீட்டிலிருந்துதான் வந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த விருந்தாளி ஒருவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். அவர் யார் என்று இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் போய்விட்டார். கொள்ளி வைக்க மச்சினர் வந்தார். அழுதார். அந்த அழுகை பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மரகதம்

*

மயிலாப்பூர்,
ஐப்பசி 12

மரகதத்துக்கு ஆசீர்வாதம்.

எந்த வார்த்தை போட்டு ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று கடிதங்களைக் கிழித்தேன். புரட்டாசி பாதியில் எனக்குக் கடுமையான ஜுரம். படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அதனால்தான் எதற்கும் வர முடியவில்லை.

நடந்தது நடந்துவிட்டது. வழக்கு என்று இறங்கினால் உனக்குத்தான் கஷ்டம். ஒரு வண்டிக்காரன் சாட்சியை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டில் நிற்பாய்? சக்ரவர்த்தி உனக்கு ஜீவனாம்சம் கொடுப்பார், அதற்கு நான் பொறுப்பு. சின்னக் காஞ்சிபுரத்து வீட்டுக்கே போய்விடு. ரமாமணியின் கல்யாணத்தைப் பற்றியும் பதற்றப்படாமல் யோசி. வயது ஒன்றுதான் குறை, மற்றபடி கௌரவமான இடம் என்று கேள்வி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹயக்ரீவன்

*

செவிலிமேடு,
விபவ வருஷம் ஆனி 9

அண்ணாவுக்கு மரகதம் சேவித்து எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எட்டு மாதமாக உங்களுக்கு நான் எழுதவில்லை. ரமாமணிக்கு இந்த மழையில் ஜுரம் வந்து சரியாகிவிட்டது. நான் இருக்கிறேன்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறோம். முடியும் வரை இந்த வீட்டிலிருந்து எங்களை எழுப்பக் கூடாது என்று முதலியார் உத்தரவு வாங்கியிருக்கிறார். மச்சினர் தம் பதிலில், தம்பி திருப்புட்குழிக்கு வந்தது வாஸ்தவம், நினைவு தப்பிய நிலையில் தூக்கி வந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறார். வாசலில் இருந்த பத்துப் பேரும் அப்படியே சொல்லப் போகிறார்கள். எதிர்வீட்டில் தண்ணீர் கொடுத்த அம்மாளும் எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். அக்பர் மட்டும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வருகிறான். ஆவணி இரண்டாம் வாரம் விசாரணை. தோற்றால் கார்த்திகையில் ரமாமணியைத் திருமுக்கூடலுக்குக் கொடுத்துவிடுவதாக மச்சினர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு இன்னும் பன்னிரண்டு முடியவில்லை. ராத்திரி என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். ஏன் என்று கேட்டால், நான் எழுந்து போனால் தனக்குத் தெரிய வேண்டுமாம்.

கோமளத்தின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை தேசிகன் என்று படித்தேன். அன்று திருப்புட்குழி வாசலில் வாழை கட்டியிருந்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. நிச்சயதார்த்தம்.

அண்ணா, கதவுக்குப் பக்கத்தில் நின்றது நீங்கள். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். அவர் மூன்று தடவை சொன்னதையும் கேட்டீர்கள். பிறகு உள்ளே நகர்ந்துகொண்டீர்கள். படுக்கையில் இருந்ததாக எழுதினீர்கள். நான் பதில் எழுதவில்லை.

முதலியாரிடம் நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் சம்மன் அனுப்பிவிடுவார். சம்மனுக்குப் பயந்து வருகிறவர் சொல்லும் வார்த்தை எனக்கு வேண்டாம். கோமளத்தை மூன்று இடத்தில் வேண்டாம் என்றார்கள் என்பதை நான் மறக்கவில்லை. அவளும் நான் தூக்கி வளர்த்த குழந்தை. அவளுக்குக் கிடைத்த இடத்தைக் கெடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலிருக்கவும் முடியவில்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதிவிட்டேன்.

மன்னிக்கு நமஸ்காரம்.
மரகதம்

*

மயிலாப்பூர்,
ஆடி 30

மரகதத்துக்கு ஆசீர்வாதம்.

சம்மன் வேண்டாம். நானே வருகிறேன். முதலியாருக்கும் எழுதிவிட்டேன், சக்ரவர்த்திக்கும் எழுதிவிட்டேன். பத்திரிகை போன எல்லோருக்கும் முகூர்த்தம் நின்றுவிட்டதாகத் தகவல் அனுப்பியாகிவிட்டது.

கோமளத்திடம் நானே சொன்னேன். "அத்தையாத்துக்கு இப்படிப் பண்ணினவாளாத்துக்கா என்னை அனுப்ப இருந்தேள்?" என்று கேட்டாள். உன் மன்னி என்னோடு பேசுவதில்லை.

ஹயக்ரீவன்

*

செவிலிமேடு,
ஐப்பசி 6

அண்ணாவுக்கு மரகதவல்லி சேவித்து எழுதுவது. நீங்களும் மன்னியும் கோமளமும் உடம்பு சௌக்கியத்தோடு இருக்க வேண்டுமென்று தினமும் பெருமாளைக் கேட்கிறேன்.

நேற்றுத் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் தெளிந்த புத்தியோடு பாகம் பிரிந்ததாகச் சொன்னது நிஜம், உயில் செல்லும் என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார். மச்சினர் ஹைகோர்ட்டுக்குப் போகப் போவதாகக் கேள்வி. போகட்டும். இந்த வீடும் நிலத்தில் பாதியும் இன்றைக்கு எங்களுடையவை. திருமுக்கூடல்காரர் காத்திருக்கவில்லை. ஆவணியிலேயே வேறு ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாராம். அவள் யார் பெற்ற பெண்ணோ. ரமாமணிக்கு இதைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

கோர்ட்டில் நீங்கள் கூண்டில் ஏறியதும் எதிர்க்கட்சி வக்கீல் உங்களை எப்படியெல்லாம் கேட்டார். சொந்தப் பெண்ணின் நிச்சயதார்த்தத்தன்று இதைக் கேட்டுவிட்டு அத்தனை மாதம் ஏன் மௌனம், இப்போது தங்கைக்காகப் பொய் சொல்ல வந்தீரா என்றார். நீங்கள் கோபப்படவில்லை. "மௌனமாக இருந்தது என் தப்பு. கேட்டது கேட்டதுதான்" என்று மட்டும் சொன்னீர்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டும் அதையே சொன்னீர்கள். வெளியே வந்து ரமாமணியின் தலையில் கை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ரயிலுக்குப் போய்விட்டீர்கள்.

மனம் ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய். வியாழக்கிழமையை நினைத்தால் இன்னும் எரிகிறது. அன்றே நோட்டீஸ் மச்சினர் கைக்குப் போயிருந்தால் உங்கள் மாப்பிள்ளை அந்த வண்டியில் ஏறியிருக்க வேண்டாம். இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பாரோ என்னவோ. அதை நான் எப்படி மறப்பது?

ஆனால் ஒன்றை உங்களுக்கு நான் சொல்லாமல் வைத்திருந்தேன். திருப்புட்குழியிலிருந்து திரும்பும்போது அவர் தலை என் மடியில் இருந்தது. பேச மாட்டார் என்று நினைத்தேன். பாதி வழியில் கண்ணைத் திறந்து, "உங்க அண்ணா வந்திருந்தார், பார்த்தியோ?" என்றார். "எனக்காக மெட்ராஸ்லேருந்து வந்து நின்னார். வக்கீல் காதாலே கேட்டாச்சு. இனிமே உங்களுக்குப் பயமில்லே" என்றார். நான் ஆமாம் என்றேன். அப்படியே தூங்கிவிட்டார். பிறகு இரண்டு நாளும் ஒரு தடவைகூட அந்தக் கவலையைப் பற்றிப் பேசவில்லை. நிம்மதியாகத்தான் போனார்.

இதை ஆனியிலேயே எழுதியிருந்தால் நீங்கள் உடனே வந்திருப்பீர்கள். ஆனால் போனவருக்காக மனம் இளகி வந்தீர்களா, கேட்டதைச் சொல்ல வந்தீர்களா என்று எனக்கு ஆயுசுக்கும் தெரியாமலே போயிருக்கும். அதனால்தான் எழுதவில்லை. அன்றைக்கு வண்டியில் நான் ஆமாம் என்றபோது, செத்துக்கொண்டிருப்பவரிடம் பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அவர் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வேன்.

தீபாவளிக்கு முன்னால் கோமளத்தை இங்கே அனுப்புங்கள். ரமாமணி தனியாக இருக்கிறாள். நீங்களே கொண்டுவந்து விடுங்கள்.

உங்கள் தங்கை,
மரகதம்